மெய்யை நம்பவைத்த கலை

ஐம்பொறிகளை வரிசைப்படுத்திய தமிழ் மரபு கண்ணையோ செவியையோ முதலில் வைக்கவில்லை. மெய், வாய், கண், மூக்கு, செவி என உடலையே முன்வைத்தது. மெய் என்னும் சொல்லுக்கு உடல் என்பதும் பொருள். உண்மை என்பதும் பொருள். மெய்நிகர் விளையாட்டுகளின் வரலாற்றை ஆராய்வோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் நலம். கண்ணை மட்டும் மயக்கிய கருவிகள் வியப்பை விளைத்து மறைந்தன. உடலையும் நம்பவைத்தவையே விளையாடுவோரைத் தம்பால் ஈர்த்து நிறுத்தின.

இம்முயற்சியின் தொடக்கம் கணினிக்கு மிக முற்பட்டது. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787ஆம் ஆண்டில் வட்டவடிவக் காட்சி ஓவியத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1793இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கெனவே ஒரு கட்டடம் எழுந்தது. நடுமேடையில் நின்றவரை நாற்புறமும் ஓவியம் சூழ்ந்திருந்தது. அதன் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கண்ணிற் படாதவாறு மறைக்கப்பட்டிருந்தன. சட்டத்தைக் கண்டால்தானே ஓவியம் என்னும் நினைவு எழும்? சட்டம் மறைந்ததும் காட்சி இடமாயிற்று. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன், இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் தட்டைப் படமும் ஆழம் பெறும் என நிறுவினார். இவ்விரண்டும் சிறந்த கண்டுபிடிப்புகளே. எனினும் ஓவியமும் படமும் அசையாமல் இருந்தன; பார்ப்பவருக்கு அவை மறுமொழி கூறவில்லை.

அமெரிக்கரான மார்ட்டன் ஹைலிக் மற்றப் பொறிகளையும் துணைக்கு அழைத்தார். 1962இல் காப்புரிமை பெற்ற அவரது 'சென்சோரமா' பொறியில் அமர்ந்தவருக்கு ஆழமுடைய திரைப்படம் தெரிந்தது, இருக்கை அதிர்ந்தது, முகத்தில் காற்று வீசியது, மணமும் கமழ்ந்தது. மோட்டார் சைக்கிளில் நகரைச் சுற்றிவரும் உணர்வை அது தந்தது. ஆயினும் அவ்வண்டியை அவரால் திருப்ப இயலாது. அவர் பயணியாக இருந்தாரேயன்றி ஓட்டுநராக இல்லை.

திருப்புமுனை 1968இல் நேர்ந்தது. ஐவன் சதர்லாந்து என்னும் கணினி அறிஞர் தம் மாணவர்களின் துணையுடன் தலையில் அணியும் காட்சிக்கருவி ஒன்றை உருவாக்கினார். தலையின் அசைவை அளக்கும் கருவி கூரையிலிருந்து தொங்கியது. அதில் தெரிந்தவையோ வெறுங்கோடுகளால் ஆன எளிய வடிவங்களே. பார்க்கரின் ஓவியத்தழகில் நூற்றில் ஒரு பங்கும் அவற்றிற்கு இல்லை. ஆனால், தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறியது. படம் உடலுக்கு விடையளித்தது!

இந்த விடை காலந்தாழாமல் வரவேண்டும் என்பதே பின்னர் வந்தோரை வாட்டிய சிக்கல். 1980களில் ஜாரன் லேனியர் தொடங்கிய நிறுவனம் கைவிரல் அசைவை உணரும் கையுறையையும் தலைக்கருவியையும் விற்றது. எளியோர் அவற்றை வாங்க இயலவில்லை. 1991இல் இங்கிலாந்தின் 'வெர்ச்சுவாலிட்டி' பொறிகள் கேளிக்கைக் கூடங்களுக்கு வந்தன. தலைக்கருவி கனத்தது, காட்சி பின்தங்கியது. 1995இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'வெர்ச்சுவல் பாய்' கருவியில் ஆழம் இருந்தது; ஆனால் சிவப்பும் கருப்புமே நிறங்கள். தலையசைவை அது அறியவே இல்லை. மேசைமேல் வைத்துக் குனிந்து பார்க்கவேண்டிய அக்கருவி அடுத்த ஆண்டே சந்தையிலிருந்து மறைந்தது.

உடல் ஏன் இத்துணைக் கண்டிப்பாக நடந்துகொள்கிறது? கண் 'ஓடுகிறாய்' என்கிறது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்போ 'நிற்கிறாய்' என்கிறது. இரு சாட்சிகளும் முரண்படும்போது தலைசுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன. ஆகவே தலை அசைந்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லிவினாடிக்கு மேல் செல்லலாகாது என்பதை வடிவமைப்பாளர்கள் இலக்காகக் கொண்டனர். அஃதாவது, ஒரு வினாடியை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு. கைத்தொலைபேசிகளுக்காக உருவான சிறுதிரைகளும் அசைவுணரிகளும் இதற்கு வழி திறந்தன. 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிய 'ஆக்குலஸ்' கருவி, வினாடிக்கு 90 படங்கள் காட்டும் ஆற்றலுடன் 2016இல் விற்பனைக்கு வந்தது.

கருவி செம்மையுற்றபின் விளையாட்டின் கலை வளர்ந்தது. 2018இல் வெளிவந்த 'பீட் சேபர்' விளையாட்டில் கதையில்லை. இசைக்கேற்பப் பறந்துவரும் கட்டிகளை ஒளிவாளால் வெட்டவேண்டும், எதிர்வரும் சுவருக்கு உடலை விலக்கவேண்டும், அவ்வளவே. ஆடுபவர் நின்ற இடத்திலேயே நிற்பதால் கண்ணும் செவியும் முரண்படுவதில்லை. கை வீசும்பொழுதே ஒலியும் அதிர்வும் விடையாக வருகின்றன. 2020இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' இழுப்பறையைத் திறக்கவும், பொருளை எடுத்துத் திருப்பிப் பார்க்கவும், எறியவும் கைகளுக்கு இடமளித்தது. ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் வகுத்துக் கூறியது இங்கே பொருந்தும்: 'நான் இங்கே இருக்கிறேன்' என்பது ஒரு மயக்கம், 'இது நிகழ்கிறது' என்பது மற்றொரு மயக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் மனிதர் மெய்யுலகில் நடப்பதுபோல் அங்கும் நடக்கின்றனர்.

இந்நம்பிக்கையின் ஆழத்தை அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2002இல் காட்டியது. மெய்நிகர்ப் பள்ளத்தின் விளிம்பை அடைந்தோரின் இதயத்துடிப்பு உயர்ந்தது. காலடியில் உண்மையான ஒரு சிறு மரப்பலகையை வைத்தபோது துடிப்பு மேலும் உயர்ந்தது. பள்ளம் இல்லை என்பதை அறிவு அறியும், உடல் அறியாது.

ஆற்றல் இருக்குமிடத்தில் பொறுப்பும் இருத்தல் வேண்டும். இதே அச்சத்தைக் கொண்டு, உயரத்திற்கு அஞ்சுவோரைச் சிறிது சிறிதாகப் பழக்கி அச்சம் தணிக்கலாம் என 1995இல் வெளியான மருத்துவ ஆய்வு உணர்த்தியது. நோய் தீர்க்கவல்ல அந்த அச்சத்தையே கட்டுப்பாடின்றிச் சிறுவர் மனத்தில் விதைக்கவும் கூடும். மெய்நிகர் உலகின் தரத்தை அதன் படத்தின் பொலிவால் மட்டும் அளத்தல் போதாது. தன்னை நம்பிய உடலை அது எங்கே அழைத்துச் செல்கிறது என்பதே முதன்மையான அளவுகோல். பொய்யுலகமாயினும், மெய்யின் நம்பிக்கையைப் பெற்றபின் அதற்குத் துரோகம் செய்யலாகாது.