இமயமலைப் பனியாறுகள்: வானிலிருந்து கண்காணித்தல்

உயர்மலைகளில் விழும் பனி ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளே பனியாறு. அதற்குப் பனிப்பொழிவு வரவு, உருகுதல் செலவு. இந்த வரவுசெலவை வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கணிக்கும் முறை இமயமலையில் அரை நூற்றாண்டுக்குள் வளர்ந்தது. பனியாற்றில் எதை அளந்தால் அதன் நிலை தெரியும் என்ற கேள்வியே அந்த வளர்ச்சியின் உயிர். நீளத்தை அளப்பதில் தொடங்கிய ஆய்வு தடிமனை அளக்கக் கற்றபோதுதான் உண்மை நிலை புலப்பட்டது.

முதலில் அளக்க எளிதாக இருந்தது பனியாற்றின் கீழ்முனை. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாறு முடியும் கௌமுக்கை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜே. பி. ஆடன் 1935இல் நேரில் சென்று வரைபடமாக்கினார். அப்படி நடந்துபோய் அளக்கக்கூடியவை மிகச் சில. 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளும் 1988இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் மலைத்தொடரைத் திரும்பத் திரும்பப் படமெடுக்க வழி திறந்தன. ஆனால் கீழ்முனையை மட்டும் நம்ப முடியாது. பல பனியாறுகளின் கீழ்முனைப் பகுதியைக் கல்லும் மண்ணும் மூடியிருக்கின்றன. தடித்த அந்தப் போர்வை முனையை உருகவிடாமல் காக்க, அதற்கு மேலே பனி மெலிந்துகொண்டே போகும். கிணற்றின் வாய் அப்படியே இருக்க நீர்மட்டம் மட்டும் இறங்குவதைப் போன்றது இது.

அந்த இறக்கத்தை அளக்க, ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்கள் வேண்டும். அவற்றிலிருந்து மேற்பரப்பின் உயரத்தைக் கணிக்கலாம். பழைய உயரங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தன. அமெரிக்காவின் ஹெக்ஸகன் உளவுச் செயற்கைக்கோள்கள் 1973 முதல் 1980 வரை நிலப்பட ஒளிப்படக்கருவியால் எடுத்த படச்சுருள்கள் கூடுகளில் பூமிக்கு இறக்கப்பட்டன; பாராசூட்டில் தொங்கி வந்த கூடுகளை விமானங்கள் நடுவானிலேயே கொக்கியிட்டுப் பிடித்தன. 2002இல் அந்தப் படங்களின் இரகசியம் நீக்கப்பட்டது. அவற்றைப் புதிய அளவீடுகளோடு ஒப்பிட்டு 650 பனியாறுகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, 1975–2000இல் நீரளவாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 22 செ.மீ. ஆக இருந்த இழப்பு, 2000–2016இல் 43 செ.மீ. ஆனதாகக் காட்டியது. பகைநாட்டை வேவு பார்க்கப் பிறந்த படம் பனியின் நாட்குறிப்பாயிற்று.

பனி மெலிகிறது என்ற இந்த முடிவுக்கு மறுப்புகள் உண்டு. 2035க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2007இல் எழுதி, 2010இல் தவறென ஒப்புக்கொண்டது. இதைக் காட்டிப் பனி இழப்பையே ஐயுறுவோர் உளர். ஆனால் அந்த ஆண்டுக்கணக்கு எந்த அளவீட்டிலிருந்தும் பிறக்கவில்லை. அதைத் திருத்த வல்லது அளவீடே. 2001 முதல் 2011 வரை 2,018 பனியாறுகளை ஆராய்ந்த இந்திய ஆய்வில் 1,752 பனியாறுகளின் முனை மாறவில்லை என்பது அடுத்த மறுப்பு. அந்த எண் சரியே. ஆனால் அது நீளத்துக்கான விடை. மெலிவை அது அளக்கவில்லை. உயரம் தெரிந்தாலும் எடை தெரியாது, பனியின் அடர்த்தி இடத்துக்கு இடம் வேறுபடும் என்பது வலுவான மறுப்பு. அதனால்தான் இமாசலத்தின் சோட்டா சிக்ரி பனியாற்றில் 2002 முதல் கழிகள் நட்டு ஆண்டுதோறும் அளக்கிறார்கள். களமும் வானமும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

படம் மட்டும் உயிரைக் காத்துவிடாது. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி பனி உருக உருகப் பெருத்து வந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் பல ஆண்டுகளாகக் காட்டின. 2023 செப்டம்பர் 28இல் சுமார் 167 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4இல் 60 ஹெக்டேராகச் சுருங்கியது. மேகத்தை ஊடுருவும் ரேடார் அதைப் பதிவுசெய்தபோது, ஏரியிலிருந்து பாய்ந்த வெள்ளம் சுங்தாங் அணையை உடைத்துக்கொண்டு தீஸ்தா ஆற்றில் இறங்கிவிட்டிருந்தது. மேலே கண்டது கீழேயுள்ள ஊருக்கு எச்சரிக்கையாக வந்து சேரும்வரை கண்காணிப்பு பாதிதான் முடிந்திருக்கிறது.