செவுள் நொதிகளும் நீரின் உப்பும்

செவுள் மீனுக்கு மூச்சுறுப்பு மட்டுமன்று. உடலின் உப்பை அளவோடு காப்பதும் அதுவே. எலும்பு மீன்களின் குருதியில் இருக்கும் உப்பு கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குளத்து நீரில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுகிறது, உப்பு வெளியே கசிகிறது. கடல்மீனுக்கு நேர்மாறு: தண்ணீர் வெளியேறுகிறது, உப்பு உள்ளே ஏறுகிறது. இந்த இழுபறியைச் சமாளிக்கும் வேலையில் பெரும்பங்கு செவுளில் உள்ள அயனி உயிரணுக்களுடையது. அவற்றை இயக்கும் முதன்மை நொதி சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ்.

கடல்மீன்கள் கடல்நீரைக் குடிக்கின்றன என்பதை ஹோமர் ஸ்மித் 1930இல் காட்டினார். குடித்த உப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு, விலாங்கு மீனின் செவுளில் ஆய்வு நடத்திய ஆன்செல் கீஸ் அடுத்த ஆண்டே விடை தந்தார்: செவுள் அதை வெளியேற்றுகிறது. இந்த வேலையை இயக்கும் நொதியைக் கண்டறிந்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. 1957இல் நண்டின் நரம்பில் அதை அவர் அடையாளம் கண்டார். நோபல் பரிசு கிடைத்ததோ 1997இல்.

உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் ஒரு மூலக்கூறைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை உயிரணுவிலிருந்து வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருகிறது இந்த நொதி. வியப்பு என்னவென்றால், நன்னீரிலும் கடல்நீரிலும் அது செய்வது இதே வேலைதான். உயிரணுவின் குருதிப் பக்கச் சவ்வில் அது ஏற்படுத்தும் சோடியம் ஏற்றத்தாழ்வைக் கொண்டு, நன்னீரில் பிற புரதங்கள் உப்பை உள்ளிழுக்கின்றன. கடல்நீரில் வேறு புரதங்கள் குளோரைடை வெளியே தள்ள, சோடியம் உயிரணுக்களின் இடைவெளி வழியாகப் பின்தொடர்கிறது. நொதியிலும் சிறு மாற்றம் நிகழ்கிறது. வானவில் டிரவுட், ஜிலேபிக் கெண்டை ஆகியவற்றில் நன்னீருக்கு ஒரு வடிவமும் கடல்நீருக்கு இன்னொரு வடிவமும் மிகுதியாக உருவாகின்றன. கடலுக்கான மாற்றத்தைக் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தூண்டுகிறது. நன்னீர் வாழ்வுக்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் வேண்டும் என்பதை கிரேஸ் பிக்ஃபோர்டும் உடன் ஆய்வாளரும் 1959இல் காட்டினர். புதிய உயிரணுக்கள் உருவாகி நொதி பெருக நாள்கள் பிடிக்கும். அதனால்தான் நன்னீரில் வளர்ந்த ஜிலேபியைத் திடீரெனக் கடல்நீரில் விட்டால் பெரும்பாலும் இறந்துவிடுகிறது. இடைப்பட்ட உப்புநீரில் வைத்துப் பழக்கினால் பிழைக்கிறது.

மொசாம்பிக் திலாப்பியா எனப்படும் இந்த ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தமிழகத்தின் குளம், கண்மாய்களில் பரவியது. கடல்நீரைவிட மூன்று மடங்கு உப்பையும் தாங்கும் அதன் திறன் பதிவாகியுள்ளது. கட்லா, ரோகு முதலிய கெண்டைகளுக்கு இந்த ஆற்றல் இல்லை.

கடலைக் காணாத திண்டுக்கல் சமவெளிக்கு மீனின் இந்த உப்புத் தாங்கும் திறன் ஏன் முக்கியம்? இங்கே உப்பு வந்தது தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டே கொண்டுவரப்படும். ஆலையில் நடக்கும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகளாக நிலத்தில் இறங்கியது. பாறை வெடிப்புகளில் தேங்கும் நிலத்தடி நீரில் கலந்த உப்பை மீட்டெடுப்பது மிகக் கடினம். வழக்கமான சுத்திகரிப்பும் கரைந்த உப்பை நீக்குவதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் ஆலை மாசு தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பைக் குறிப்பிட்டது: 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. மனிதர் குடிக்கவும் பயிர் வளர்க்கவும் நம்பியிருந்த நீர் அது என்பதை இந்த எண்ணைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

இத்தகைய நீர் சேரும் குளத்தில் ஜிலேபி துள்ளுவதைக் கண்டு தண்ணீர் நலமாக இருப்பதாக எண்ணுவது தவறு. லிட்டருக்குச் சில கிராம் உப்பு அதன் செவுளுக்குச் சுமையே அன்று. வெளிநீரின் உப்பு குருதியின் அளவை, அதாவது லிட்டருக்குச் சுமார் 10 கிராமை, நெருங்க நெருங்க அயனிகளைத் தள்ளுவதற்கான செலவு பொதுவாகக் குறைகிறது. மீன்குஞ்சுகளை ஏற்றிச் செல்லும்போது தண்ணீரில் சிறிது உப்பு சேர்ப்பதும் இதனால்தான். ஆனால் அந்த அளவு உப்புள்ள நீரை ஊற்றினால் நெற்பயிர் கருகும்; மனிதரால் வாயில் வைக்கவும் முடியாது.

தோல் கழிவில் உப்போடு குரோமியம், சல்பைடு போன்றவையும் உண்டு. உப்புக்கு ஏற்ப மாறும் நொதிக்கு நச்சு உலோகத்தின் முன் அந்தப் பாதுகாப்பு இல்லை. எடுத்துக்காட்டாக, செம்பும் வெள்ளியும் செவுளின் சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸை முடக்குவது பல மீன்களில் உறுதியான செய்தி. நொதி முடங்கிய நன்னீர் மீன், வெளியிலிருந்து உப்பை எடுக்க இயலாமல் குருதியின் சோடியத்தை இழந்து மடிகிறது.

இந்த நொதியின் வேகத்தை அளக்க மீனைக் கொல்ல வேண்டியதில்லை. செவுள் இழைகளின் நுனியில் சிறிது நறுக்கி எடுத்தால் போதும் என்று ஸ்டீபன் மக்கார்மிக் 1993இல் ஒரு முறையை வெளியிட்டார். சால்மன் ஆய்வில் அது இன்று வழக்கமானது. திண்டுக்கல்லில் அதைக் கையாள்வதானால், ஆலைப் பகுதிக் குளத்து ஜிலேபியை ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் போன்ற மேற்பகுதி நீர்நிலையின் ஜிலேபியோடு ஒப்பிட வேண்டும். நீரின் உப்பையும் உலோகங்களையும் தனித்தனியே அளந்தால்தான், நொதியின் மாற்றத்தில் உப்புக்குப் பழகியது எவ்வளவு, நச்சால் குலைந்தது எவ்வளவு என்று பிரித்தறிய இயலும்.