கலப்பும் கணிப்பும்: கோவைப் பப்பாளியும் மணலி மண்ணும்

பப்பாளியைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் நட்டு வளர்ப்பதில்லை. காக்கை கொத்திப் போட்ட விதையிலிருந்தோ, காய்கறிக் கழிவோடு கொட்டிய விதையிலிருந்தோ தானே முளைக்கிறது. கிணற்றடித் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் குடித்துக்கொண்டு ஓராண்டுக்குள் பழுத்தும் விடுகிறது. வடசென்னையின் மணலி புதுநகர் வீட்டு மனைகளிலும் இப்படி வந்த மரங்கள் உண்டு. கேட்பாரின்றி வளரும் இந்த மரத்துக்குப் பின்னால் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது.

புதிய ரகம் என்றால் இரண்டு நல்ல மரங்களைக் கலந்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. பப்பாளியின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. கலப்பது ஒரு காலை வேளைப் பணி. கலந்ததைக் கணிப்பது பல ஆண்டுப் பணி. அப்படிக் கணித்துச் சொன்ன தீர்ப்பும், எந்த மண்ணில் கணித்தார்களோ அந்த மண்ணுக்கே முழுமையாகப் பொருந்தும். மணலி புதுநகர் போன்ற ஊர்கள் இந்தக் கடைசி உண்மையை மறந்துவிடக் கூடாது.

வந்த வழி

பப்பாளியின் தாயகம் மெக்சிகோவின் தென்பகுதியும் மத்திய அமெரிக்காவும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் தங்கியிருந்த டச்சுக்காரரான லின்சோத்தன், இது எசுப்பானியரின் நாடுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், மலாக்கா வழியாக இந்தியாவுக்கு வந்த பழம் என்று எழுதிவைத்தார். வந்த பிறகு மூன்று நூற்றாண்டுக்கு மேல் அது கொல்லைப்புற மரமாகவே இருந்தது. விதை எங்கே விழுந்ததோ அங்கே முளைத்தது, அருகில் நின்ற எந்த மரத்தின் மகரந்தம் வந்ததோ அதோடு கலந்தது. இனம் தூய்மையாக நிற்க வழியே இல்லாமல் போயிற்று.

தமிழகத்தில் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது கோவை. 1868இல் சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு இடம் மாறி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நம் மாநகரில் ஊன்றிய விதை கோவையில் மரமானது என்று சொல்லலாம். அங்கிருந்துதான் ‘கோ’ வரிசைப் பப்பாளிகள் வெளிவந்தன.

மூன்று பால் மரம்

பப்பாளி ஆராய்ச்சியின் முதல் சிக்கல் அதன் பால். ஆண் மரம், பெண் மரம், இரண்டும் ஒரே பூவில் அமைந்த இருபால் மரம் என்று மூன்று வகை உண்டு. ஹவாயில் ஸ்டோரியும் தென்னாப்பிரிக்காவில் ஹாஃப்மெயரும் 1938இல் தனித்தனியே இதன் மரபுக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். பெண் பூவில் ஆண் மரத்தின் மகரந்தத்தைச் சேர்த்தால் பிறப்பதில் பாதி ஆண், பாதி பெண். பெண் பூவில் இருபால் மரத்தின் மகரந்தம் சேர்ந்தால் பாதி பெண், பாதி இருபால். இருபால் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். இந்தக் கடைசிக் கணக்கில் மூன்றுக்கு ஒன்று என்று வரவேண்டியது இரண்டுக்கு ஒன்று என்று நிற்பதற்குக் காரணம் உண்டு. ஆண்தன்மைக் கூற்றைத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பெற்ற கரு பிழைப்பதே இல்லை. இந்தக் கூற்றைத் தாங்கும் பால் குரோமோசோம்கள் உருவாகிவரும் நிலையில் இருப்பவை என்பதால், உயிரியலாளர்களுக்குப் பப்பாளி தனி ஆர்வம் தரும் பயிர். அதன் மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2008இல் வெளியாயிற்று.

இந்தக் கணக்கு ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று, குழி எடுப்பவருக்கும் வேண்டியது. ஆண், பெண் தனித்தனியே உள்ள ரகத்தில் குழிக்கு ஒரு நாற்று நட்டால் பாதிக் குழிகள் வீண். மூன்று நாற்று நட்டால் நூற்றில் 87 குழிகளில் ஒரு பெண் மரமாவது கிடைக்கும். பூ வந்த பிறகு 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவிட்டு மற்ற ஆண் மரங்களை வெட்டிவிட வேண்டும். இருபால் ரகத்தில் மூன்று நாற்று நட்டால் நூற்றில் 96 குழிகளில் இருபால் மரம் அமையும். ஆண் மரமே வேண்டியதில்லை. உழவர்களும் வணிகர்களும் இருபால் ரகங்களை நாடுவதற்கு இது ஒரு காரணம்.

எட்டு ரகங்கள் சொல்வது

கோவை ரகங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ராஞ்சி என்ற ரகத்தில் குட்டையான மரங்களைத் தேர்ந்து, உடன்பிறந்த மரங்களுக்குள்ளேயே எட்டு ஆண்டு கலந்து நிலைப்படுத்தியதுதான் 1972இல் வந்த கோ.1. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலேயே முதல் காய் பிடிக்கும். 1979இல் வந்த கோ.2 உள்ளூர் மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்தது. 1985இல் வந்த கோ.5 வாஷிங்டன் ரகத்திலிருந்து பொறுக்கியது. 1986இல் வந்த கோ.6உம் தேர்வுதான். 2011இல் வந்த சிவப்புச் சதைக் கோ.8, கோ.2இன் வழியில் வந்த மேம்பட்ட தேர்வு. கலப்பில் பிறந்தவை மூன்று மட்டுமே: 1983இல் கோ.3, கோ.4, 1997இல் கோ.7. எட்டில் ஐந்து தேர்வு, மூன்று கலப்பு. கலப்பைவிடக் கணிப்பே பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த மூன்றிலும் கோ.3இன் கதை படிக்கத் தக்கது. தாய் கோ.2: பெரிய காய், நல்ல விளைச்சல், ஆனால் ஆணும் பெண்ணும் தனித்தனி. தந்தை ஹவாயின் சன்ரைஸ் சோலோ: சிறிய காய், சிவந்த சதை, மிகுந்த இனிப்பு, இருபால் பூ. சோலோவின் மூதாதை 1911இல் பார்படோஸ் தீவிலிருந்து ஹவாய்க்குப் போனது. கடைத்தெருவில் ஒருவர் ஒரே வேளையில் தின்று முடிக்கத் தக்க பழமாக உலகை வென்றது. கோவையில் இந்த இரண்டையும் இணைத்தபோது கிடைத்தது அரைக்கிலோ முதல் முக்கால் கிலோ வரையுள்ள, சிவந்த சதையுடைய, இருபால் ரகம். கோ.4க்குக் கோ.1 தாய், வாஷிங்டன் தந்தை. இலைக்காம்பில் ஓடும் ஊதா நிறம் தந்தையின் அடையாளம். கோ.7இல் கர்நாடகக் குடகிலிருந்து வந்த கூர்க் ஹனி டியூவின் வழி இருக்கிறது.

கலக்கும் முறை எளிது. மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டை மாலையிலேயே உறையிட்டு மூடுவார்கள். காலையில் தந்தை மரத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி மறுபடி உறையிட்டு, சீட்டுக் கட்டுவார்கள். ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதை கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. முதல் தலைமுறையில் எல்லா மரமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அடுத்த தலைமுறையில் தாத்தா பாட்டிக் குணமெல்லாம் பிரிந்து வெளியே வரும். அவற்றிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, மீண்டும் மீண்டும் தன்மகரந்தம் சேர்த்து நிலைப்படுத்தினால்தான் ரகம். சந்தையில் பெயர்பெற்ற தைவானின் ரெட் லேடி இப்படி நிலைப்படுத்திய ரகமன்று. முதல் தலைமுறை வீரிய ஒட்டு. அதன் பழத்தைத் தின்றுவிட்டு விதையைப் போட்டால் வருவது ரெட் லேடி ஆகாது. ஒவ்வொரு நடவுக்கும் விதை வாங்கியே தீரவேண்டும்.

கணிப்பது எப்படி

ஒரு புதிய வழித்தோன்றலை ஏற்கெனவே பெயரெடுத்த ரகத்தின் பக்கத்திலேயே நட்டுத்தான் அளக்க வேண்டும். ஒரே வயலிலும் மண் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் பல பாத்திகளில் இடம் மாற்றி மாற்றி நடுவார்கள். முதல் பூ எத்தனையாவது நாளில், எந்த உயரத்தில், மரத்துக்கு எத்தனை காய், ஒவ்வொன்றும் என்ன எடை, சதையின் தடிப்பு, உள்குழிவின் அளவு, சாற்றின் இனிப்பு எத்தனை பிரிக்ஸ், பறித்த பிறகு எத்தனை நாள் தாங்கும், நோய் எவ்வளவு. இத்தனையும் குறித்துவைக்க வேண்டும். ஓராண்டு போதாது. கடும் வெயிலில் இருபால் பூக்களின் சூற்பை சுருங்கி, அவை ஆண் பூவாகவே நடந்துகொள்ளும். குளிர் மிகுந்தால் மகரந்தத்தாள்கள் சூற்பையோடு ஒட்டிக் காய் கோணலாகும். கோடையையும் குளிரையும் மழையையும் பார்க்காத கணிப்பு அரைகுறைக் கணிப்பு.

எதற்காகக் கணிக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். பழத்துக்கு மட்டுமன்றிப் பாலுக்காகவும் பப்பாளி பயிராகிறது. காயைக் காலை வேளையில் மேலோட்டமாகக் கீறி, வடியும் பாலை உலர்த்தினால் பப்பெயின் என்ற நொதி கிடைக்கும். இறைச்சியை மென்மையாக்குவது முதல் மருந்துத் தயாரிப்பு வரை அதற்குப் பயன் உண்டு. கோ.2இன் காய் ஒன்றில் உலர்ந்த பப்பெயின் 4 முதல் 6 கிராம், கோ.5இல் 14 முதல் 15 கிராம். பழம் தின்பவர் கோ.5ஐப் பொருட்படுத்தமாட்டார். பப்பெயின் ஆலைக்காரருக்கு அதுவே தங்கம். எது சிறந்த ரகம் என்ற கேள்விக்கு, ‘யாருக்கு?’ என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை.

நோய் சொல்லும் தீர்ப்பு

எல்லா அளவுகோலையும் வென்ற ரகத்தையும் ஒரு வைரஸ் தோற்கடித்துவிடும். அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வளையப்புள்ளி வைரஸ் இந்தியாவில் முதலில் 1948இல் மேற்குப் பகுதியில் பதிவாயிற்று. இலை சுருங்கி, காயில் வளைய வளையமாகப் புள்ளி விழுந்து, மரம் மெல்ல நலியும். ஹவாயின் பூனா மாவட்டத்தில் 1992இல் இது பரவித் தொழிலையே சாய்த்தது. ஆய்வாளர் டென்னிஸ் கான்சால்வஸ் குழுவினர் மரபணு மாற்றத்தால் எதிர்ப்புத்திறன் கொடுத்த சன்அப், அதைக் கபோஹோ ரகத்தோடு கலந்த ரெயின்போ ஆகிய ரகங்கள் 1998இல் விதையாக உழவர் கைக்கு வந்தன. நம் நாட்டில் கோவை, பெங்களூரு ஆய்வாளர்கள் வேறு வழியில் முயன்றார்கள். வைரஸைத் தாங்கும் காட்டு உறவினமான வாஸ்கான்செல்லியாவோடு பப்பாளியைக் கலப்பதே அந்த வழி. இரண்டும் வேறு வேறு பேரினம் என்பதால் கரு எளிதில் நிற்பதில்லை. சூல்முடியில் சர்க்கரைக் கரைசல் தடவுவது போன்ற உபாயங்கள் தேவைப்பட்டன.

பூச்சியிலும் ஒரு பாடம் உண்டு. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி வரை பரவியது. மருந்தடித்து அடங்கவில்லை. 2010இல் புயர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது. ரகத்தை மாற்றாமல், சூழலைத் திருத்தியே ஒரு பயிரைக் காத்த கதை இது.

மணலி மண்ணின் கேள்வி

இனி நம் ஊருக்கு வருவோம். பப்பாளியின் வேர் காற்றோட்டத்தை வேண்டுவது. இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகி மரம் சாயும். கொசஸ்தலையாற்றின் கரையில், எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே அமைந்த மணலி புதுநகருக்குத் தேங்கும் தண்ணீர் புதிதன்று. 2015 டிசம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்து உபரி நீர் ஆற்றில் வந்து ஊரைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து முகத்துவாரம் வரை பரவியது. கடலோர உப்பும் கோடை வெப்பமும் சேர்ந்தால், கோவையின் கணிப்புகள் இங்கே அப்படியே செல்லுபடியாகும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

அதற்காகப் பப்பாளி வேண்டாம் என்பதில்லை. இங்குள்ள மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் 1971 முதல் உரம் செய்கிறது. மரத்துக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து தலா 50 கிராம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. தழைச்சத்துக்கு யூரியா ஏறக்குறைய 110 கிராம் போதும். உரம் நமக்குத் தொலைவில் இல்லை; வேண்டியது உயரமும் கணிப்பும். தரைமட்டத்துக்கு மேல் மண்மேடு போட்டு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நட்டால், அடுத்த மழைக்குள் மரம் வேரூன்றிவிடும். கோ.3, கோ.7, கோ.8, பக்கத்தில் ஒரு நாட்டுப் பப்பாளி: இந்த நான்கையும் பள்ளி வளாகங்களிலும் பூங்காக்களிலும் அடுத்தடுத்து நட்டு, பூத்த நாள், காய் எண்ணிக்கை, வெள்ளத்துக்குப் பின் பிழைத்த மரங்கள் ஆகியவற்றை இரண்டு ஆண்டு குறித்துவைத்தால், வடசென்னைக்கென்று ஒரு பப்பாளிக் கணிப்பு உருவாகும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டுப்புத்தகமும் பொறுமையும் போதும். எண்ணெய் படிந்த வெள்ளம் புகுந்த இடமாக இருந்தால் மட்டும், நடுமுன் மண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதையைப் பெயர் சொல்லித் தரும் நம்பகமான இடத்தில் வாங்குங்கள். தின்ற பழத்தின் விதையை ரகம் என்று நம்பாதீர்கள். நட்ட மரம் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டுங்கள். காய்த்ததை மட்டுமன்றிச் செத்ததையும் எழுதிவையுங்கள். இந்த மண்ணுக்கு எந்தப் பப்பாளி ஏற்றது என்று சொல்லும் உரிமை, இந்த மண்ணில் கணக்கெடுத்தவர்களுக்கே உண்டு.