வான்வழிக் கடல்நோட்டம்: இலங்கையின் கிழக்குக் கரை

விமானத்திலிருந்து கடற்பரப்பை நோக்கி, அங்கு காணும் கப்பல், பனிப்பாறை, எண்ணெய்ப் படலம் முதலியவற்றை இடமும் நேரமும் குறித்துக் கரைக்கு அறிவிக்கும் பணி வான்வழிக் கடல்நோட்டம் எனப்படும். துருவக் கடல்களில் கப்பல்களுக்குப் பனியின் நிலையை அறிவிக்கும் தொழிலாக அது வளர்ந்தது. இலங்கையைச் சூழ்ந்த கடலுக்கு அதைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். மட்டக்களப்பு முதல் சங்கமன்கண்டி முனை வரை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, மாவடிப்பள்ளி ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே கிடக்கும் கடலே இக்கட்டுரையின் எல்லை. ஆயினும் அக்கடலைக் காத்த விமானங்கள் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து எழுந்தவை என்பதால் அவ்வூரையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பனிநோக்கு இலங்கையின் கடல்நோட்டத்துக்கு மூத்தது. ரஷ்ய விமானி பொரிஸ் சுக்னோவ்ஸ்கி 1924 இல் நோவயா செம்ல்யாத் தீவை அடுத்த கடலின் பனியை விமானத்திலிருந்து பார்வையிட்டார். டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914 இல் அமைந்த சர்வதேசப் பனிக் காவற்சேவை, 1946 இல்தான் விமானங்களை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது. வட துருவத்தைக் கடந்து பறக்கையில் 1937 இல் காணாமற்போன சோவியத் விமானி லெவனெவ்ஸ்கியைத் தேடி ஹ்யூபர்ட் வில்கின்ஸ் பனிக்கடலின் மேல் பலமுறை பறந்தார். அதற்கு அவர் கொண்டுசென்ற 'கூபா' என்ற பறக்கும் படகு, பின்னாளில் கட்டலினா எனப் பெயர்பெற்ற வகையைச் சேர்ந்தது. அதே பெயரிட்ட இன்னொரு படகு 1939 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கொக்கோஸ், டியகோ கார்சியா வழியாக மொம்பாசா வரை இந்து சமுத்திரத்தைக் கடந்தது.

கட்டலினா வேகத்துக்குப் பேர்போனதன்று. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் செல்லும். உயர்ந்த தண்டொன்றின் மேல் அமர்ந்த 31 மீற்றர் நீள இறக்கையும் அதில் இரண்டு இயந்திரங்களும் உடையது. சிறப்பெல்லாம் அது ஒரே மூச்சில் இருபது மணிநேரத்துக்கு மேல் வானில் நிற்பதிலும், உடலின் இருபுறமும் குமிழ்போல் புடைத்த கண்ணாடிச் சாளரங்களிலும் இருந்தது. அங்கே அமர்ந்தவர் முன்னும் பின்னும் நேர்கீழும் பார்க்கலாம். கப்பல் கண்ணுக்குப் படுமுன் அது நீரில் கீறிச்செல்லும் வெள்ளைத் தடம் பலவேளை படும். சூரியனை எதிர்கொண்டு பார்த்தால் நீரின் பளபளப்பில் ஒரு பெரும் படையே மறைந்துவிடும். மணிக்கணக்கில் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் கண் சோராதிருப்பதே இத்தொழிலின் முழுத் திறமை.

கொக்கலை வாவியைப் பறக்கும் படகுகளின் தளமாக்க அங்கிருந்த கிராமத்தவர் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த ஊர் அது. அவரது பரம்பரை வீடு தப்பி, இன்று நூதனசாலையாக நிற்கிறது.

கனேடிய விமானப்படையின் 413ஆவது அணி ஸ்கொட்லாந்தின் வடகோடியிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. அதன் தளபதி லெனார்ட் பேர்ச்சால் 1942 ஏப்ரல் 2 இல் கொக்கலையில் இறங்கி, 4 ஆம் திகதி விடியுமுன் எட்டுப் பேருடன் தென்கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். பகல் முழுதும் எதுவும் தென்படவில்லை. நிலா எழுந்ததும் அதைக்கொண்டு தம் இடத்தைக் கணிக்க விரும்பிய வழிகணிப்பாளர், இன்னும் சற்றுப் பறக்கலாம் என்றார் எனப் பேர்ச்சால் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தச் சற்று நேரத்தில் தென்திசை அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. அருகே சென்று எண்ணத் தொடங்கியபோது அது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை: அகாகி முதலிய ஐந்து விமானந்தாங்கிகளும் அவற்றின் துணைக்கப்பல்களும். கரையிலிருந்து அவ்விடத்தின் தூரத்தைச் சிலர் 350 மைல் என்றும் சிலர் 400 மைல் என்றும் குறிப்பர்.

செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்புவது வழக்கம். மறுமுறை அனுப்பும்போதே ஹிர்யு கப்பலிலிருந்து எழுந்த சீரோ விமானங்கள் வானொலிக் கருவியைச் சிதைத்தன. விமானம் கடலில் வீழ்ந்தது. மூவர் மாண்டனர். அறுவரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் இசோகாசே ஏற்றியது. போர் முடியும்வரை அவர்கள் கைதிகளாக இருந்தனர். கொழும்புக்குச் செய்தி எவ்வளவு தெளிவாகச் சேர்ந்தது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. எச்சரிக்கை கிடைத்திருந்தும் மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பை எட்டியபோது இரத்மலானையின் சண்டை விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. ராடர் ஏன் உதவவில்லை என்பதற்கும் பல விளக்கங்கள் உண்டு. துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே வெளியேறிவிட்டன என்பது மட்டும் உறுதி. கோர்ன்வோல், டோர்செட்சயர் ஆகிய இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்றே இலங்கைக்குத் தென்மேற்கே கடலில் அழிந்தன. 424 பேர் இறந்தனர். பேர்ச்சாலை 'இலங்கையின் மீட்பர்' எனப் பத்திரிகைகள் அழைத்தன. சேர்ச்சில் போரின் மிக ஆபத்தான கணம் இதுவே என்றதாகச் சொல்லப்படுவது பிறர் வாய்வழி வந்தது. ஒரு விமானம் தீவைக் காத்தது என்பது மிகையாகவும் இருக்கலாம். அவ்வொன்பது பேர் திரும்பிப் பறக்காமல் எண்ணிக்கொண்டிருந்தது மிகையன்று.

ஏப்ரல் 8 இல் மற்றொரு கட்டலினா அதே படையைக் கிழக்கே கண்டது. அதனால் திருகோணமலைத் துறைமுகம் இரவோடிரவாகக் காலியாயிற்று. பிரித்தானிய விமானந்தாங்கி ஹெர்மிஸ் தெற்கே வந்தது. 9 ஆம் திகதி காலை, துறைமுகம் தாக்கப்படுமுன், ராடர் எச்சரிக்கையும் கிடைத்தது. அன்று படையை மீண்டும் கண்டு அறிவித்த 413ஆவது அணியின் இன்னொரு கட்டலினா, செய்தி பாதியில் நிற்க, குழு முழுவதுடனும் மறைந்தது. பேர்ச்சாலின் பெயர் அறிந்த அளவுக்கு அக்குழுவை நூல்கள் அறியவில்லை.

ஹெர்மிஸுக்கு முடிவு வந்ததும் வான்நோட்டத்தாலேயே. துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டது, ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலிலிருந்து எழுந்த மிதவை விமானம். ஹெர்மிஸின் விமானங்களோ அன்று கரையில் இருந்தன. குண்டுவீச்சு விமானங்கள் வந்து அரைமணி நேரத்துக்குள் அது கவிழ்ந்தது. 307 பேர் இறந்தனர். துணைக்கு வந்த வம்பயர் கப்பலும், அக்கடலில் இருந்த ஹொலிஹொக் கப்பலும் தப்பவில்லை. வீட்டா என்ற வைத்தியக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து எடுத்தது. ஹெர்மிஸ் இன்றும் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. மட்டக்களப்பிலிருந்து சுழியோடிகள் அங்கு செல்கின்றனர்.

கொக்கலையின் பிற்காலப் புகழ் வேறு வகையானது. 1943 ஜூலை முதல் 1945 ஜூலை வரை குவான்டாஸ் நிறுவனத்தின் ஐந்து கட்டலினாக்கள் அங்கும் பேர்த் நகரத்துக்கும் இடையே 271 முறை கடலைக் கடந்தன. ஒவ்வொன்றும் ஒரு விண்மீனின் பெயர் தாங்கியது. அன்டாரஸ், ரைஜல், ஸ்பிகா, வேகா, அல்டெயர். வானொலி மௌனம் காக்கவேண்டியிருந்ததால் விண்மீன்களைப் பார்த்தே வழி கணித்தனர். மூன்று பயணிகளுக்கே இடம். பயணம் 27 முதல் 33 மணிநேரம் நீளும் என்பதால் இரு சூரியோதயங்களைக் காண்பார்கள். கண்டவர்களுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

பிரித்தானிய விமானப்படை 1957 இல் சீனக்குடா, கட்டுநாயக்க விமானத்தளங்களை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது.

பின்னாளில் இக்கடலின் மேல் வான்நோட்டம் எண்ணெய்ப் படலத்தைத் தேடியது. 2020 செப்டெம்பர் 3 இல் குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே தீப்பற்றியது. 23 பேர் கொண்ட குழுவில் ஒருவர் இறந்தார். இலங்கை விமானப்படையின் உலங்குவானூர்திகள் நீர் ஊற்றின. இந்தியக் கரையோரக் காவற்படையின் டோர்னியர் விமானம் எண்ணெய்ப் படலத்தைப் பார்வையிட்டு, அதைக் கரைக்கும் மருந்தைத் தெளித்தது. படலத்தின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் எனக் கணிக்கப்பட்டது. மசகு எண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. கல்முனை முதல் பொத்துவில் வரையான மீனவக் குடும்பங்களின் பிழைப்பு அந்தக் கணிப்பைப் பொறுத்திருந்த நாட்கள் அவை.

கடல்நோட்டத்துக்கென இந்தியா டோர்னியர் 228 ஒன்றை 2022 ஆகஸ்ட் 15 இல் இலங்கைக்கு அளித்தது. 2024 இல் அவுஸ்திரேலியா பீச்கிராஃப்ட் கிங் எயர் 350 ஒன்றை வழங்கியது.