மட்டையைப் பிடிக்கும் கை



பட்டர்வொர்த் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு ஓர் உண்மை தெரியும். கத்தியைப் பிடிக்கும் விதம் சற்றுப் பிசகினாலும் மரத்தில் காயம் விழுந்துவிடும். டென்னிஸ் மட்டைக்கும் அதே விதிதான்.

இந்த ஆட்டத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1874ஆம் ஆண்டில் மேஜர் விங்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயர் புல்தரை டென்னிசுக்குக் காப்புரிமை பெற்றார். புல்லிலும் துள்ளி எழும் ரப்பர்ப் பந்து கிடைத்ததால்தான் அந்த ஆட்டம் வளர்ந்தது. 1877இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது. அதே ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னாளில் அந்த மரமே நம் முன்னோரில் பலரை மலாயாவுக்கு இழுத்து வந்தது. துரைமார் கிளப்புகளின் டென்னிஸ் திடல்களில் அவர்கள் புல் வெட்டினார்கள், பந்து பொறுக்கினார்கள். மட்டை மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை.

அந்த மட்டையைப் பிடிப்பது எப்படி? கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வலக்கைச் சுட்டுவிரலின் அடிமூட்டு எந்தப் பட்டையில் படுகிறது என்று பாருங்கள். சுத்தியல் பிடிப்பதுபோல் பிடித்தால் மேல்பட்டைக்கு அடுத்த வலச்சரிவில் படும். அது காண்டினென்டல் பிடி. கைகுலுக்குவதுபோல் பிடித்தால் வலப்பக்கப் பட்டையில் படும். அது முன்கை அடிக்கான ஈஸ்டர்ன் பிடி. தரையில் கிடக்கும் மட்டையை அப்படியே எடுத்தால் மூட்டு அடிப்பட்டைக்குப் போகும். அது வெஸ்டர்ன் பிடி. புறங்கை முன்செல்லும் பின்கை அடிக்கு, மூட்டை உச்சிப் பட்டைக்கு நகர்த்துவார்கள். இடக்கைக்காரருக்கு இடம் வலமாக மாறும்.

இந்தப் பெயர்கள் மண்ணிலிருந்து வந்தவை. பந்து தாழ எழும் ஐரோப்பியத் திடல்களுக்குக் காண்டினென்டல் பிடி பொருந்தியது. 1934 முதல் 1936 வரை விம்பிள்டனை வென்ற ஃபிரெட் பெரி அப்படித்தான் பிடித்தார். கலிபோர்னியாவின் சிமெண்டுத் தரையில் பந்து தோள்வரை எழும்பும். அங்கே வளர்ந்த பில் ஜான்ஸ்டன் வெஸ்டர்ன் பிடியோடு 1923இல் விம்பிள்டன் வென்றார். ஆகவே ஒரு பிடி உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. நிற்கும் தரையும் எழும் பந்தும்தான் பிடியைத் தீர்மானிக்கின்றன.

தமிழர் கையும் இதைக் கற்றது. 1937இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தந்தையிடம் பயின்று, 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆண்டுகளில் அரையிறுதிவரை சென்றார். அவர் மகன் ரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தைப் பெற்றார்.

எனவே, பள்ளியில் பிள்ளையின் கைக்கு ஒரு மட்டை வந்தால், அது துரைமார் ஆட்டம் என்று நாம் தடுக்க வேண்டாம். கத்தி பிடிக்கக் கற்ற பரம்பரை நாம். மட்டையையும் சரியாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்போம்.