சடைநாய்களின் பாத முடி திருத்தல்

சடைநாய்களின் பாத முடி திருத்தல் என்பது, நீண்ட முடி கொண்ட நாய்களின் விரல்களுக்கிடையிலும் பாத மெத்தைகளைச் சுற்றியும் வளரும் முடியை அளவாக வெட்டிப் பேணுவதைக் குறிக்கும். இன்று வீட்டிலேயே சிறு கத்தரியால் செய்யப்படும் இந்த வேலைக்கு நெடிய வரலாறு உண்டு.

தமிழகத்தின் மரபான நாய்களுக்கு இது தேவைப்படவில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்குமே உடலோடு ஒட்டிய குட்டை முடி கொண்டவை. வெயிலிலும் முட்காட்டிலும் ஓடி வேட்டையாடிய நாய்களுக்கு அதுவே பொருத்தமாக இருந்தது. மயிர் மிகுந்த நாயைச் 'சடைநாய்' என்று தனிப்பெயரிட்டு அழைத்ததிலிருந்தே, இங்கு அது வழக்கமான நாயன்று என்பது விளங்கும். இந்திய அஞ்சல் துறை 2005 சனவரி 9 அன்று நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவற்றுள் வழவழப்பான இராஜபாளையமும் அடர்ந்த சடையுள்ள இமயமலை மேய்ப்பு நாயும் இடம்பெற்றன. ஒரே நாட்டின் இரு தட்பவெப்பங்களை அந்த இரண்டு அஞ்சல்தலைகளிலேயே காணலாம்.

ஐரோப்பாவில் நாயின் முடியை வெட்டும் வழக்கம் அழகுக்காகத் தொடங்கியதன்று. நீரில் விழுந்த பறவைகளை எடுத்துவரும் நாய்களுக்கு நனைந்த முடி சுமையாக இருந்தது. செர்வாசு மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1621இல் வெளியிட்ட பறவை வேட்டை நூலில், கோடை வேட்டைக்கும் நீர் வேட்டைக்கும் நாயின் பின்பாதி உடலை மழிப்பதை ஏற்றுக்கொள்கிறார். அந்த நீர்நாய்களின் வழிவந்ததே பூடில் இனம். பின்னாளில் பாரிசு நகரின் பாலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் நாய்க்கு முடி வெட்டுவது ஒரு தெருத்தொழிலாகவே நடந்தது. பூடிலின் பாதங்களை முழுவதும் மழித்துவிடுவது இன்றைய கண்காட்சி விதிகளிலும் நிலைத்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை திபெத்தினுடையது. அங்கிருந்து வந்த 'திபெத்தியன் டெரியர்' இனத்தின் பாதம் அகன்றது, தட்டையானது. விரல்களுக்கிடையிலும் மெத்தைகளுக்கிடையிலும் முடி மண்டியிருக்கும். பனியில் புதையாமல் நடக்க உதவும் பனிக்காலணியைப் போல அது செயல்படுகிறது. 1920களில் கான்பூரில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஆக்னசு கிரெய்க், தாம் அளித்த சிகிச்சைக்கு நன்றியாக இந்த இனக் குட்டி ஒன்றைப் பெற்றார். பந்தி என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டியிலிருந்தே அவருடைய நாய் வளர்ப்பு தொடங்கியது. 1930இல் இந்தியாவில் இது தனி இனமாக ஏற்கப்பட்டது. பனிமலைக்கென அமைந்த பாதம் கங்கைச் சமவெளியின் கோடைக்கு வந்துசேர்ந்தது இப்படித்தான். விந்தை என்னவென்றால், அமெரிக்கக் கண்காட்சி விதிகள் இந்த இனத்தின் முடியைக் கத்தரித்து வடிவமைப்பதைப் பெருங்குறையாகக் கருதுகின்றன. பூடிலுக்குக் கட்டாயமானது இதற்குக் குற்றமாகிறது! இரண்டு விதிகளும் கண்காட்சி அரங்குக்கு உரியவை. வீட்டு நாயின் காலுக்கு எது நலம் என்பதை அது நடக்கும் தரையைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஆங்கிலேயர் வீடுகளில் நாய்களைப் பேணத் தனி வேலையாட்கள் இருந்தனர். வட இந்தியாவில் இவர்களை 'டோரியா' என்றழைத்தனர். கயிறு அல்லது வாரைக் குறிக்கும் 'டோர்' என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சீவுவதும் குளிப்பாட்டுவதும் உண்ணி பொறுக்குவதும் இவர்கள் கைவேலையாகவே இருந்தன. அந்த நாய்களின் பெயர்கள் பல ஏடுகளில் பதிவாகியுள்ளன. பேணியவர்களின் பெயர்களோ பெரும்பாலும் இல்லை.

விடுதலைக்குப் பின் நடுத்தர வீடுகளுக்குச் சடைநாயைக் கொண்டுவந்தது இந்தியன் சுபிட்சு ஆகும். தமிழகத்தில் பலர் இதைப் பொமரேனியன் என்றே அழைக்கின்றனர். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கடினமாக இருந்த 1980களிலும் 1990களிலும் இது பெரிதும் பரவியது. 1994இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹே கௌன்' இந்திப் படத்தில் தோன்றிய வெள்ளை நாயும் இந்த இனமே. அதன் பின் சிட்சூ, லாசா அப்சோ, கோல்டன் ரெட்ரீவர் முதலியன பெருகின. டோரியா இல்லாத இந்த வீடுகளில் பாதம் பேணும் வேலை வீட்டாரிடமே வந்தது.

விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இந்த வேலை ஒப்பனையன்று. புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த இவ்வூரில் கடல்மணலும் கோடையில் கொதிக்கும் தார்ச்சாலையும் அருகருகே உள்ளன. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாத மெத்தைகளில்தான் உண்டு. அங்கே ஈரமணல் அப்பிய முடி சிக்குப் பிடித்தால் தோல் அழுகத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையின்போது இத்தொல்லை மிகும். மழைக்குப்பின் வளர்ந்து காயும் ஊசிப்புல்லின் விதை முடியில் மாட்டி, விரலிடுக்கில் துளைத்து உள்ளே ஏறிவிடும். சீழ் வைத்த பிறகே பலருக்குத் தெரியவரும். உண்ணி ஒளிந்துகொள்ள விரும்பும் இடமும் அதுவே. வழவழப்பான டைல்சு தரையிலோ, மெத்தையை மூடிய முடி காலை வழுக்கிவிட்டு, வயதான நாயின் இடுப்பு மூட்டைப் பாதிக்கும்.

வெட்டும் முறை எளியது. முனை மழுங்கிய சிறு கத்தரி போதும். பாதத்தைக் கழுவி முழுக்கத் துவட்டிய பின், மெத்தையின் மட்டத்துக்கு மேல் நீட்டியிருக்கும் முடியை மட்டும் வெட்ட வேண்டும். இடுக்குக்குள் கத்தரியை நுழைக்கக் கூடாது. விரலிடைத் தோல் மெல்லியது, எளிதில் கிழியும். ஒட்டச் சிரைப்பதும் தவறே. முளைக்கும் முடி குத்தி நாயை ஓயாமல் நக்க வைக்கும். இறுகிய சிக்கை விரலால் பிரித்துப் பார்த்து, பிரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் விடுவது நல்லது. காலைத் தொடவிடாத நாயை முதல் நாளே அடக்கிப் பிடித்து வெட்டுவதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் பாதத்தைப் பிடித்துப் பழக்கி, நாளுக்கு ஒரு பாதமாக முடிப்பதே நடைமுறையில் பலனளிக்கிறது.