டாட்டன்ஹாம் கோர்ட் சாலையும் கருவடிக்குப்பத் தோப்பும்

வ.வே.சு. ஐயரைத் தமிழ் இலக்கிய மாணவர் மூன்று இடங்களில் சந்திப்பர். சிறுகதை வரலாற்றில் ‘குளத்தங்கரை அரசமர’த்தின் ஆசிரியராக; கம்பராமாயணத் திறனாய்வில் ஆங்கில நூலொன்றின் ஆசிரியராக; திருக்குறள் மொழிபெயர்ப்பாளர் வரிசையில் 1916ஆம் ஆண்டுப் பதிப்புக்கு உரியவராக. நான்காவதாக ஓர் இடமும் உண்டு. அது காவல்துறைக் கோப்பு. அங்கே அவர் கைத்துப்பாக்கி சுடக் கற்பித்த ஆசிரியர். நம் பாடத்திட்டம் இந்த நான்காவது ஐயரைச் சொல்லாமல் விடும். அல்லது மேடைப் பேச்சின் முழக்கத்திற்கு ஒப்படைத்துவிடும். ஒருவர் கையில் ஆயுதத்தை ஏந்தி, எதிரே ஓர் அட்டையை நிறுத்தி, நாள்தோறும் சுட்டுப் பழகுவது என்ற அந்த எளிய செயலை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தவர் குறைவு. எங்கே பழகினார்கள், யார் அனுமதித்தார்கள், பழகியது எதற்கு உதவிற்று என்பவையே நாம் இங்கு எடுத்துக்கொண்ட கேள்விகள்.

நம் பக்கத்து மனிதர்க்குக் கைத்துப்பாக்கியோடு உறவே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கூத்தாநல்லூர், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தம் வாழ்நாளில் கண்ட துப்பாக்கிகள் எவை? நீர்நிலை ஓரங்களில் கொக்கும் மடையானும் தேடிவந்த நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத்துப்பாக்கி ஒன்று. வங்கி வாயிலில் காவலர் ஊன்றி நின்ற நீளத் துப்பாக்கி இன்னொன்று. நாகூர்க் கந்தூரியிலோ திருவாரூர்த் தேர்த்திருவிழாவிலோ பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களைச் சுட வாடகைக்குத் தரப்படும் காற்றுத்துப்பாக்கி மூன்றாவது. கைத்துப்பாக்கியோ காவல் ஆய்வாளர் இடுப்பிலும் திரைப்படத்திலும் மட்டுமே உள்ள பொருள். ஓரியின் வில்லாற்றலைப் புறநானூறு பாடியது. குறளின் படைச்செருக்கு அதிகாரம் முயலையும் யானையையும் வைத்து இலக்கைப் பற்றிப் பேசியது. ஆனால் அந்தக் குறி எப்படிக் கைவந்தது, எத்தனை அம்பு வீணாயிற்று என்பதை எந்தப் புலவரும் எண்ணிச் சொல்லவில்லை. பயிற்சி பாடுபொருள் ஆவதில்லை போலும்.

அந்தப் பலூன் கடையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் 1909இல் இந்திய இளைஞர்கள் சுடப் பழகிய லண்டன் கூடம் ஏறத்தாழ அப்படிப்பட்ட ஒரு கடைதான். டாட்டன்ஹாம் கோர்ட் சாலை, 92ஆம் எண். அதன் பெயர் ‘ஃபேரிலேண்ட்’, தேவதைகளின் நாடு. ஹென்றி மார்லி என்பவர் நடத்திய கேளிக்கைக் கூடம். காசு கொடுத்தால் எவரும் உள்ளே சென்று சுடலாம். மாலை நேரத்தில் எழுத்தர்களும் கடைச் சிப்பந்திகளும் பொழுதுபோக்காக வந்து சுட்டுவிட்டுப் போகிற இடம். இராணுவ வாடையோ சதியின் வாடையோ அங்கு இல்லை. இந்தச் சாதாரணத் தன்மையே அதன் பெரும் பயன். நூறு பொழுதுபோக்காளர்க்கு நடுவே நூற்றொன்றாவது மனிதர் எதற்காகச் சுடுகிறார் என்று எவரும் கேட்கமாட்டார்.

மதன்லால் திங்ரா அந்த நூற்றொன்றாவது மனிதர். பொறியியல் படிக்க வந்த பஞ்சாபி இளைஞர். 1909 ஜனவரியில் துப்பாக்கி உரிமம் பெற்று, ஹோல்பர்னில் இருந்த கேமேஜ் அங்காடியில் தானியங்கிக் கோல்ட் கைத்துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்கினார். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. 1903ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கைத்துப்பாக்கிச் சட்டப்படி, அஞ்சலகத்தில் 10 ஷில்லிங் கட்டி வாங்கிய உரிமத்தைக் காட்டினால் கடைக்காரர் விற்கலாம். பின்னர் சொந்தத் துப்பாக்கியோடு மார்லியின் கூடத்துக்கு வந்து பழகினார். ஜூலை 1ஆம் தேதி மாலையும் வந்தார். 18 அடி தொலைவிலிருந்து 12 முறை சுட்டார்; 11 குண்டுகள் அட்டையில் பட்டன. அந்த அட்டையை மார்லி பின்னர் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார். அதே இரவு தெற்குக் கென்சிங்டனில் இம்பீரியல் இன்ஸ்டிடியூட் விழாவில் திங்ரா கர்சன் வில்லியைச் சுட்டுக்கொன்றார். தடுக்க முன்வந்த பார்சி மருத்துவர் காவஸ் லால்காகாவும் குண்டுபட்டு இறந்தார். அட்டையில் தவறியது ஒரு குண்டு. அட்டையில் இல்லாதிருந்த ஒரு மனிதர் அன்றிரவு இலக்கின் குறுக்கே வந்தார். 12க்கு 11 என்ற கணக்கு லால்காகாவை அறியாது. இரண்டையும் சேர்த்தே இவ்வரலாற்றை வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து. திங்ராவைப் புகழும் நூல்கள் பலவற்றில் அம்மருத்துவர் ஓர் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிவிடுகிறார்.

திங்ரா தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில் அதே கூடத்தைப் பற்றி லண்டன் காவல்துறைக்கு இன்னொரு செய்தி வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தினர் இருவர் அங்கே பிரௌனிங் துப்பாக்கியால் சுட்டுப் பழகுகிறார்கள் என்பது அது. பிரதமர் ஆஸ்குவித் உயிருக்கு ஆபத்தோ என்று அதிகாரிகள் கவலைப்பட்ட அந்த ஆவணங்கள் 2006இல்தான் வெளிவந்தன. வாக்கில்லாத பெண்களும் நாடில்லாத இந்தியரும் ஒரே கடையில், ஒரே விதமான அட்டைகளில் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். 1914இல் லெஸ்பினி என்பவன் அக்கூடத்தில் பணியாற்றிய பெண் தன்னைக் கேலி செய்தாள் என்று அங்கேயே துப்பாக்கி கேட்டு வாங்கி அவளைச் சுட்டுக்கொன்றான். சட்டம் படிப்போர் இவ்வழக்கை அறிவர். தேவதைகளின் நாடு என்ற பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

இனி நம் ஐயர். திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881இல் பிறந்து, பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றவர், சாவர்க்கரின் நெருங்கிய தோழர்களுள் ஒருவரானார். இந்தியா ஹவுஸ் இளைஞர்கள் லண்டனில் சுடுகூடமொன்றில் கைத்துப்பாக்கி பழகினர் என்று 1918ஆம் ஆண்டு ரௌலட் குழு அறிக்கை கூறும். ஐயர் அவ்வட்டத்தின் நடுநாயகமாக இருந்தவர். படிப்பு முடிந்தும் அரச விசுவாச உறுதிமொழி ஏற்க மறுத்தார். 1910இல் வேடமிட்டுத் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அவர் ஏன் புதுச்சேரியில் தங்கினார் என்பதற்குப் பிரெஞ்சு ஆட்சியின் பாதுகாப்பு என்று ஒரு வரியில் விடை சொல்லிப் போவது வழக்கம். சுடும் பயிற்சியைப் பொறுத்தவரை அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அதன் கீழமைந்த விதிகள் ஐரோப்பியர்க்கு விலக்கு அளித்தன. தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஆங்கிலேயர் மாலையில் மரத்தடியில் புட்டியை நிறுத்திச் சுட்டால் அது விளையாட்டு. பக்கத்து வீட்டு மிராசுதார் உரிமமின்றி அதையே செய்தால் வழக்கு. 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ், மிக மிதமான மனிதர்கள் கூடிய சபை, ஆயுதச் சட்டத்தைத் திருத்துமாறு கேட்டுத் தீர்மானம் போட்டது. அந்த அளவுக்கு அது மானப்பிரச்சினையாக இருந்தது. ஆகவே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஒரு தமிழர் சட்டத்துக்கு உட்பட்டு, பொழுதுபோக்காளர் என்ற பெயரில், கைத்துப்பாக்கி பழக வேண்டுமானால் அவர் ஆள்வோரின் தலைநகருக்கே போக வேண்டியிருந்தது. தன் ஊரில் அவருக்கு அந்தப் பொழுதுபோக்கு இல்லை. சதி மட்டுமே உண்டு.

புதுச்சேரியில் ஐயரிடம் பயின்றவருள் நாம் பெயரறிந்தவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் எழுத்தர். 1911 தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி வந்து ஐயரிடம் சுடப் பழகினார் என்பது ரௌலட் அறிக்கையிலும் இடம்பெற்ற செய்தி. பயிற்சி கருவடிக்குப்பத்துத் தோப்புகளில் நடந்தது என்பது புதுச்சேரியில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பாரதியின் குயில் தோப்பும் அந்தப் பக்கந்தான் என்பதை வாசகர் அறிவர். ஒரே நிழலில் குயிலும் குண்டும் என்று எழுதிவிட நமக்கும் ஆசைதான். காலம் சற்று முன்பின்னாகும் என்பதால் விட்டுவிடுகிறோம்.

வாஞ்சியை இவ்வட்டத்துக்குள் கொண்டுவந்த நீலகண்ட பிரம்மச்சாரி நம் காவிரிப் படுகைக்காரர். அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியை அடுத்த எருக்கூர் அவருடைய ஊர். வழக்கில் முதல் எதிரியாக நின்று ஏழாண்டுத் தண்டனை பெற்றவர், பின்னாளில் நந்திமலையில் சாது ஓம்காராக வாழ்ந்து 1978இல் மறைந்தார்.

1911 ஜூன் 17. மணியாச்சிச் சந்திப்பில் நின்ற இரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் மனைவியோடு அமர்ந்திருந்தார். வாஞ்சி பெட்டியில் ஏறி மிக அருகில் நின்று பெல்ஜியத்துப் பிரௌனிங் துப்பாக்கியால் சுட்டார். பிறகு நிலையக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையே சுட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இரயில் பெட்டிக்குள், கை நீட்டினால் தொடும் தொலைவில், குறிபார்க்கும் திறன் எதற்கு? திங்ரா பழகிய தொலைவும் 18 அடிதான். குறி தவறாமை இவர்கள் பயிற்சியின் நோக்கமாக இருந்திருக்க முடியாது என்று நமக்குத் தோன்றுகிறது. கைத்துப்பாக்கி பழகுவோர் சொல்லும் முதற்பாடம் இதற்குத் துணைசெய்யும். புதியவர் தவறுவது கண்ணால் அன்று, விரலால். வெடியோசையும் கைக்கு வரும் உதைப்பும் வருமுன்னரே உடல் அஞ்சிச் சுருங்கும், விசையைச் சட்டென்று இழுப்பார், குழல்முனை தாழ்ந்துவிடும். நூற்றுக்கணக்கான முறை சுட்டால்தான் அந்த அச்சம் தேயும். மூச்சைப் பாதியில் நிறுத்தி, முன்குறியில் மட்டும் பார்வையை வைத்து, வெடிப்பது எப்போது என்று தனக்கே தெரியாதபடி விசையை மெல்ல அழுத்தும் பழக்கம் வரும். ஐயர் வாஞ்சிக்குக் கற்பித்தது இந்த அச்சமின்மையாகவே இருக்க வேண்டும். அதை ஆயுதத்தின் மீதான அச்சமின்மை என்போம். மனிதரைச் சுடுவதற்கான துணிவு வேறெங்கிருந்தோ வந்தது. அது வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதத்தில் இருக்கிறது.

அக்கடிதத்தை வகுப்பில் பேசும்போது நாம் எப்போதும் சற்றுத் தயங்குவோம். சனாதன தர்மத்தின் பெயரால், மிலேச்சர் என்ற சொல்லால் பகைவரை அழைக்கும் கடிதம் அது. எதிரே அமர்ந்திருப்போரில் கூத்தாநல்லூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். “ஐயா, இந்தக் கடிதத்தில் எங்களுக்கு இடம் உண்டா?” என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டார். தியாப்ஜி 1887இல் ஆயுதச் சட்டத்துக்கு எதிரான தீர்மானத்துக்குத் தலைமை தாங்கியதை நாம் விடையாகச் சொன்னோம். அவர் குறித்துக்கொண்டார், ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும்.

ஐயர் அதற்குப் பின் துப்பாக்கிக்குத் திரும்பவில்லை. போர்க்காலத்தில் புதுச்சேரியில் அமர்ந்து குறள் முழுவதையும் ஆங்கிலமாக்கினார். படைச்செருக்கு அதிகாரத்தை மொழிபெயர்த்த விரல்களுக்கு அந்த விசையின் இறுக்கம் நினைவிருந்திருக்கும். 1920இல் தாயகம் திரும்பிக் காந்தி வழியில் நின்றார், பெல்லாரிச் சிறையில் கம்பனை எழுதினார், சேரன்மாதேவிக் குருகுலத்துத் தனிப்பந்திப் பூசலில் பெயரைக் காயப்படுத்திக்கொண்டார், 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளோடு மறைந்தார்.

இந்தப் பழக்கம் நம்மிடையே பொழுதுபோக்காக மாற நெடுங்காலம் பிடித்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நீடித்து 1959இல்தான் மாற்றப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் கீழ், 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத விசையும் உள்ள காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர்ப் போட்டியில் எல்லோரும் ஏந்துவது அதைத்தான். ஒற்றைக் கையால் பிடித்து, 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. 2024 ஜூலையில் பாரிஸில் மனு பாக்கர் இவ்வகைப் போட்டிகளில் இரு வெண்கலம் வென்றபின் நம் மாணவரிடையே சில நாள் இதே பேச்சாக இருந்தது.

தமிழ்நாட்டில் இப்பொழுதுபோக்குக்கு முகம் தந்தவர் நடிகர் அஜித்குமார். சென்னை ரைஃபிள் கிளப்பில் பழகியவர். நாற்பத்தொன்பது வயதில், 2021இல், மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றார். அடுத்த ஆண்டு ஜூலையில் திருச்சியில் நடந்த 47ஆம் மாநிலப் போட்டிக்கு வந்தபோது திரண்ட கூட்டத்துக்கு அவர் மாடியில் நின்று கையசைக்க வேண்டியிருந்தது. அக்கூட்டத்தில் எத்தனை பேர் சுட வந்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஆனால் அதன் பிறகு, டெல்டா ஊர்களிலிருந்து பேருந்தேறித் திருச்சிச் சுடுகூடத்துக்குப் போய்ப் பழகலாம் என்ற எண்ணம் சில இளைஞர்க்காவது வந்திருக்கும். அடையாளச் சான்றைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, காதடைப்பான் மாட்டிக்கொண்டு அவர்கள் வரிசையில் நிற்கலாம். நூற்றொன்றாவது மனிதர் யார் என்று இன்று வாயிலிலேயே கேட்டுவிடுகிறார்கள். வரகனேரி அதே நகரில்தான் இருக்கிறது.